குழந்தை நோயும் முன்வினையும்

திருத்தணிகை மலைப்படியில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழவியைக் கண்டார் மகிழ்வர். புற்றுநோய் மருந்தால் முடியுதிர்ந்த மகவு தந்தை தோள்மேல் வரக் கண்டாலோ, 'முன்வினை' என்று ஒரு சொற்கூறி அகல்வாரும் நம்மவருள் உளர். பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பதை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் என்னும் நோயால் உணர்வற்றுக் கிடந்த கொல்லிமழவன் மகளைக் கண்ட ஆளுடைய பிள்ளையார் அவள் வினையை ஆராய்ந்தாரல்லர். இரங்கிப் பதிகம் பாடி நோய் தீர்த்தருளினார். பிறர் வினையைக் கணக்கிடும் அதிகாரத்தை நமக்கு அளித்தவர் யாவர்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம் நன்கொடையால் வளர்ந்ததாகும். குழந்தைகட்கு வரும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். மருந்து இலவசமாய்க் கிடைப்பினும், வழிச்செலவும் தங்குமிடமும் இன்றி இடையில் நிறுத்துவோர் உண்டு. இரத்தத் தட்டணுக்களோ 5 நாட்களுக்குமேல் வைத்திருக்கத் தகா. ஆதலின் ஒருநாட் கொடை போதாது. ஆடிக்கிருத்திகைக்குக் காவடியெடுக்கும் இளைஞர் இதனை எண்ணுவாராக. மாகேசுர பூசை நடாத்தும் மடங்கள், நோயுற்ற மகவோடு ஆந்திர எல்லையினின்றும் இவ்வழியே சென்னை செல்வார்க்கு ஓர் அறை ஒதுக்குதல் வேண்டும். திண்ணை ஆகாது, அக்குழந்தைகட்குத் தொற்று எளிதிற் பற்றும்.