புதுசு யாருக்கு?

ஆறு மேல்சட்டை, நான்கு கால்சட்டை, மூன்று துப்பட்டா. பெருக்கிப் பார்த்தால் 72 விதமாக உடுத்தலாம். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகிற ஒருவருக்கு 14 வாரம் வரைக்கும் ஒரே தோற்றம் திரும்ப வராது. இருக்கிற துணியை வைத்தே புதுசு புதுசாக உடுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்தப் பெருக்கல்தான். வெள்ளைச் சட்டையை இன்றைக்கு அப்படியே போடு. நாளைக்குப் பொத்தான் போடாமல் மேலங்கியாகப் போடு. மறுநாள் முன்பக்கம் முடிச்சுப் போட்டுப் பாவாடையோடு போடு. பாஜு குரோங்கின் மேல்சட்டையைத் தனியாக எடுத்து ஜீன்ஸோடு போடு. பழைய பட்டுச் சேலையைக் குர்தாவாகத் தை.

கணக்கில் தவறில்லை. நிறம் பொருந்தாதது, துணி பொருந்தாதது என்று பாதியைக் கழித்தாலும் 36 மிஞ்சும். அத்தனை இருந்தும் காலையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "போட ஒன்னுமே இல்ல" என்கிறோம். அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் உண்மையிலேயே ஒன்று இல்லை. மற்றவர்கள் இன்னும் பார்க்காத துணி அவரிடம் இல்லை.

புதுமை துணியில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணில் இருக்கிறதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. கடையில் ஒரு வருடம் தொங்கிய சட்டையை இன்று வாங்கினால் அது புதுசு. போன மாதம் வாங்கி இரண்டு முறை போட்டது பழசு. நூலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அப்படியானால் நாள்தோறும் புதிதாகத் தெரிய வேண்டும் என்பது யாரிடம் பட்ட கடன்? அதை எப்போது ஒப்புக்கொண்டோம்?

நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸில், மின்சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில். உற்பத்திக் கூடத்துக்குள் போகும் எல்லாரும் தலையிலிருந்து கால் வரை மூடிய ஒரே மாதிரி உடுப்பைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த உடுப்பு பருத்தி கிடையாது. பருத்தி ஒவ்வோர் அசைவிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கும், சில்லுக்கு அது ஆகாது. அதனால் பாலியஸ்டர், நிலைமின்சாரம் சேராமலிருக்க ஊடே கரி கலந்த இழைகள். உள்ளே போய்விட்டால் மேலாளர் யார், நேற்று சேர்ந்த பெண் யார் என்று துணியை வைத்துச் சொல்ல முடியாது. அடியில் நேற்றுப் போட்ட சட்டையே இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் காலையில் பார்த்துப் பார்த்துத்தான் உடுத்திக்கொண்டு வருகிறோம். உடைமாற்றும் அறையில் இருக்கும் பத்து நிமிடம், கேண்டீனில் இருக்கும் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான் பார்வையாளர்கள். அதற்காகவா என்று யோசித்தால், அதற்காக மட்டும் இல்லை. பிடித்த நிறம் உடம்போடு இருக்கிறது என்ற நினைப்பே ஒரு சுகம். உடுத்துவதில் நமக்கென்றே ஒரு பங்கு உண்டு. அதை ஊருக்காகப் போடும் வேஷம் என்று தள்ளிவிட முடியாது. எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

தமிழில் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பழமொழி ஒன்று உண்டு: கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு. சின்ன வயதில் இதைக் கேட்டால் எரிச்சல் வரும். கந்தை கட்டுகிறவனிடம் போய் இன்னும் என்ன கேட்கிறீர்கள் என்று தோன்றும். இப்போது வேறு மாதிரியும் படுகிறது. இந்தப் பழமொழி ஏழையிடம் ஒன்றைக் கேட்கிறதுதான். ஆனால் அவனால் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறது. கொஞ்சம் தண்ணீரும் இரண்டு கையும் இருந்தால் கசக்கிவிடலாம். துணி பழசா புதுசா என்ற பேச்சே அதில் இல்லை, சுத்தமா என்பதுதான் பேச்சு. இன்றைக்கு நம்மேல் இருக்கும் கடமை வேறு. கிழிசலே இல்லாத, நன்றாகத் துவைத்த சட்டையைப் பார்த்துக்கூட, "இதையேதானே அன்னிக்கும் போட்ட?" என்கிறார்கள். இதற்குக் கையால் பதில் சொல்ல முடியாது, காசால்தான் சொல்ல முடியும். உழைப்பால் நிறைவேற்றக்கூடிய ஒரு கடமை, காசால் மட்டுமே நிறைவேறும் கடமையாக மாறிவிட்டது.

இருக்கிற துணியில் புதுத் தோற்றம் அமைப்பதை நான் முதலில் மதிப்பது இந்த இடத்தில்தான். கடமையைக் காசின் கையிலிருந்து பிடுங்கித் திரும்பக் கையிடமும் கண்ணிடமும் கொடுக்கிறது. ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கும், நிறம் பார்க்கத் தெரிந்தவருக்கும் மரியாதை வருகிறது. ஆனால் கடமையை அது கேள்வி கேட்பதில்லை. தினமும் புதிதாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அதைக் குறைந்த செலவில் முடிக்க வழி சொல்கிறது. கடனை ரத்து செய்யச் சொல்லாமல் தவணையைக் குறைத்துத் தருவது போல.

சந்தை இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. ஒன்றோடொன்று சேரும் சில உடுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம் என்ற யோசனையை 1970களில் லண்டனில் பரப்பிய சூசி ஃபோ ஒரு துணிக்கடையின் உரிமையாளர். 1985-ல் நியூயார்க்கில் டோனா கேரன் தன் பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பின் அடிப்படையும் அதுதான்: எளிதாக ஒன்றோடொன்று சேரும் ஏழு உடுப்புகள். யோசனை நல்லதுதான். ஆனால் இருப்பதை வைத்து வாழ்வதற்கும் முதலில் ஏழு வாங்க வேண்டியிருந்தது. இன்றைய காணொளிகளிலும் பாருங்கள். பழைய சட்டையைப் பத்து விதமாகப் போட்டுக் காட்டிய பிறகு, பதினோராவது விதத்துக்கு ஒரு பெல்ட் வேண்டும் என்பார்கள். வாங்குவதற்கான சுட்டி கீழேயே இருக்கும்.

வாங்காமல் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலிவான பருத்தி டீசட்டைகள் ஏராளமாகத் தைக்கப்படும் ஊர்களில் ஒன்று திருப்பூர். அங்கே சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றை எந்த அளவுக்குக் கெடுத்ததென்றால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் தையல் தொழிலாளர்கள். பழைய துணியை மறுசுழற்சிக்குப் போட்டுவிடலாமே என்று நினைக்கலாம். பொறியாளராகச் சொல்கிறேன், அது அவ்வளவு சுலபமில்லை. இயந்திரத்தில் பிய்க்கும்போது பருத்தி இழை நீளம் குறைந்து பலம் போய்விடும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் இரண்டையும் பிரிப்பதே பெரும்பாடு. உலகில் துணிக்குப் போகும் மூலப்பொருளில் மறுபடி துணியாக வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் சொன்னது. மிச்சமிருக்கும் எளிய வழி ஒன்றுதான். இருக்கும் சட்டையை இன்னும் கொஞ்ச நாள் போடுவது.

இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஒருநாள் அம்மாவிடம் பேசினேன். அவருடைய பழைய கைத்தறிச் சேலையை வெட்டி எனக்கொரு மேலங்கி தைத்துக்கொள்ளலாம் என்றேன். இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், இது நல்ல விஷயம் என்றும் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"நாங்க வழியில்லாம செஞ்சத நீ ஏன்மா செய்யணும்?"

அம்மா வளர்ந்தது சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தீபாவளிக்கு ஒரே துணியில் ஆறு பிள்ளைகளுக்கும் தைப்பார்கள், பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன். வருடத்தில் புதுசு அது ஒன்றுதான். மற்றபடி அக்கா போட்டது தங்கைக்கு. பால் மரம் வெட்டப் போகும்போது பாட்டி கைலிக்கு மேல் தாத்தாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். சட்டை கிழிந்தால் அதிலிருந்து தலைக்குத் துண்டு, அதுவும் போனால் கரித்துணி. இதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதுதான். சிரிக்காமல் சொன்னது ஒன்று. கிராணி வீட்டிலிருந்து கொடுத்த ஒரு கவுனைப் பாட்டி இடுப்பில் பிடித்து, கழுத்துக்குப் புதுசாகப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். பார்த்தால் வேறு கவுன் மாதிரியே இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அன்று, கிராணியின் மகள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "அது என்னோட கவுன்" என்றாளாம். அவ்வளவுதான் சம்பவம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. திட்டவுமில்லை. ஆனால் பாட்டியின் தையல் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் பிரிந்துபோயிற்று.

அம்மாவின் கேள்விக்கு நான் தேடிய முதல் பதில், "நீங்க கட்டாயத்தால செஞ்சீங்க, நான் விரும்பிச் செய்றேன்" என்பது. யோசிக்க யோசிக்க அந்தப் பதில் எனக்கே போதவில்லை. விருப்பம் என்றால் பெருமை, கட்டாயம் என்றால் அவமானம் என்று பிரித்துவிட்டால், பழையதை உடுத்தும் பெருமையும் வசதியானவர்களுக்கே போய்ச் சேரும். வாங்க முடிந்தும் வாங்காதவர் பாராட்டப்படுவார். வாங்க முடியாதவர் அதே துணியில் பரிதாபமாகத் தெரிவார். பண்டல் கடையில் கிளறி எடுத்த ஜாக்கெட் ஒருவருக்கு ரசனை, இன்னொருவருக்கு இல்லாமை.

கட்டாயம் என்றாலே அவமானம் என்பதும் உண்மையில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் 1941-லிருந்து துணிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் இல்லாமல் வாங்க முடியாது. 1943-ல் அரசாங்கமே ஒரு சிறு நூல் போட்டு, இருப்பதை வைத்துச் சமாளிப்பது எப்படி, ஒட்டுப்போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. அது முழுக் கட்டாயம். ஆனால் பங்கீடு எல்லாருக்கும் இருந்ததால் ஒட்டுப்போட்ட முழங்கையைத் தனியாக ஒளிக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் நிலைமை அப்படியில்லை. கவுன் ஒரு வீட்டிலிருந்து கீழே இன்னொரு வீட்டுக்கு இறங்கிவந்தது. வகுப்பில் அம்மாவைச் சுட்டது துணியின் வயது இல்லை, அந்த இறக்கம்தான். அதை உரக்கச் சொன்ன வாய்.

பௌத்த வினய நூல்களில் ஆனந்தரைப் பற்றி ஒரு கதை வருகிறது. கோசம்பி அரசன் உதயணனின் மனைவியர் அவருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அரசனுக்குக் கோபம். ஒரு துறவிக்கு இத்தனை எதற்கு, துணி வியாபாரம் செய்யப்போகிறாரா? நேரில் போய்க் கேட்கிறான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பங்கிடுவேன் என்கிறார் ஆனந்தர். அந்தக் கிழிந்ததை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பு. பழைய விரிப்பை? மெத்தை உறை. பழைய உறையை? தரை விரிப்பு. அதன் பிறகு? கால்மிதி. பிறகு? தூசி துடைக்கும் துணி. அதுவும் நைந்தால்? துண்டு துண்டாக்கி, மண்ணில் பிசைந்து தரை மெழுகுவோம். அரசன் திருப்தியாகி இன்னும் ஐந்நூறு கொடுக்கிறான்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது, எந்தப் படியிலும் துணி புதுசு போல நடிக்கவில்லை என்பது. ஒவ்வொரு படியிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ஆனந்தர் பதில் சொல்வதும் தன் தோற்றத்தைப் பற்றி இல்லை. கொடுத்தவருக்கு, கிடைத்த பொருளை என்ன செய்தோம் என்று கணக்குச் சொல்கிறார். நம் சட்டைகளுக்கும் கொடுத்தவர்கள் உண்டு. பருத்தி விளைத்தவர், சாயம் போட்டவர், தைத்தவர், எல்லாருக்கும் மேல் ஓர் ஆறு. காசு கொடுத்துவிட்டதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். புதிதாகத் தெரிய வேண்டும் என்ற கடன் நாமாக ஏற்றிக்கொண்டது. பொருளை முழுதாக உபயோகிக்க வேண்டும் என்ற கடன் அதற்கு முன்பே இருந்தது.

அப்படிப் பார்த்தால் பழைய துணியில் புது உடுப்பு அமைக்கும் விளையாட்டை விட வேண்டியதில்லை. சேலை மேலங்கியாகட்டும், துப்பட்டா தலையணை உறையாகட்டும். அந்த 36 விதத்தையும் போட்டுப் பார்க்கலாம், அதில் உள்ள சந்தோஷம் பொய்யில்லை. அதை ஒளித்துச் செய்கிறோமா, வெளிப்படையாகச் செய்கிறோமா என்பதில்தான் வித்தியாசம். "புதுசா?" என்று யாராவது கேட்டால், குரலைத் தாழ்த்தாமல், கூடவே ஒரு விளக்கமும் சேர்க்காமல், "இல்ல, பழசுதான்" என்று சொல்ல முடிந்தால் போதும். சுற்றுச்சூழலுக்காகத்தான் போடுகிறேன் என்று விளக்கம் சேர்க்கும்போது, நான் முடியாதவள் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் பக்கத்தில் நிற்கும், உண்மையிலேயே முடியாதவரைத் தனியாக நிறுத்திவிடும்.

உடுத்துகிறவரை விடப் பார்க்கிறவருக்கே இதில் பொறுப்பு அதிகம். நாம் எல்லாரும் ஒரு நாளில் உடுத்துவது ஒருமுறை, பார்ப்பது நூறு பேரை. இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் யாரோ ஒரு பெண் போன வருடத்துச் சேலையையே வேறு ரவிக்கையோடு கட்டிக்கொண்டு வருவாள். கண்ணுக்குத் தெரியும், ஞாபகமும் வரும். அதை வாய்வரை கொண்டுவராமல், "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டால், ஒரு சேலைக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள் கூடும்.