தராசு யார் கையில்?

உழவரின் விளைபொருளை விற்றுக்கொடுப்பது தொண்டா, தரகா? கோலார்ச் சீமையில் தக்காளி விளையும் ஊரொன்றுக்குச் சில ஞாயிறுகள் சென்று வந்த நமக்கு இவ்வினா எழுந்தது.

தக்காளி காத்திராது. 15 கிலோப் பெட்டிகளில் அடைத்து மண்டியில் இறக்கியபின் ஏலத்தில் கேட்ட விலைக்குக் கொடுத்தே தீரவேண்டும். திருப்பிக் கொணர்ந்தால் வண்டிக்கூலிக்கும் கட்டாது. முன்பணம் பெற்றவருக்கோ மண்டியைத் தெரிந்தெடுக்கவும் உரிமையில்லை. ஆதலின் நாம் நகரில் வாங்குவோரைத் தேடினோம், எடை போட்டோம், கணக்கெழுதினோம். விலை சற்று உயர்ந்தது. உழவர் நம்மைக் கைகூப்பினர். அங்கேதான் மனம் உறுத்திற்று. கணக்கு நம் குறிப்பேட்டில். வாங்குவோர் முகவரி நம் சட்டைப்பையில். நாம் செல்லாத வாரம் அவர்கள் பழைய மண்டிக்கே சென்றனர்.

பகவான் புத்தர் ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐவகை வாணிபத்தை விலக்கினார்; கள்ளத் தராசையும் கடிந்தார். நம் தராசு கள்ளமற்றதே. ஆயினும் அதனை நாமே பிடித்திருக்க விழைந்தது எதனால்? கொடுப்பவன் என்னும் பெயர் இனிக்கிறது. அதுவும் ஒரு வேட்கையே.

குஜராத்தில் கெய்ரா மாவட்டப் பாலுற்பத்தியாளர் 1946-இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பின்னர் அங்கு வந்த குரியன் அவர்களின் ஊழியராகவே பணியாற்றினார். கல்வியுடையோர் நிற்கவேண்டிய இடம் அதுவெனத் தோன்றுகிறது.

இப்பொழுது குறிப்பேடு ஓர் உழவரின் மகளிடம் இருக்கிறது. நாம் பெட்டி சுமக்கிறோம். முதல் நாளே அவள் நம் பழைய கூட்டலில் ஒரு பிழை கண்டாள்.