பிணைத்த கயிறும் ஊன்றிய அடியும்

கொல்லிமலையடிவாரமாகிய காளப்பநாயக்கன்பட்டியில் வாழ்வோர்க்கு மலையேற்றம் புதிதன்று. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வழியே இன்று எளிதில் ஏறுகின்றனர். பனிமலை ஏறுவோரோ ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொள்வர். ஈண்டு ஓர் ஐயம் எழும்: தளர்ந்தவனோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது தகுமோ? அவன் வீழின் தானும் வீழ நேருமன்றோ?

1953 ஆகஸ்ட் 10 அன்று, காரகோர மலைத்தொடரின் கே-2 சிகரத்தில், நோயுற்ற கில்கி என்பாரைத் தோழர் எழுவர் கீழே இறக்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் கால் வழுவவே, கயிறுகள் சிக்கி ஐவர் சரிந்தனர். மேலே நின்ற ஷோனிங், பாறையோடு ஊன்றிய பனிக்கோடரியில் கயிற்றைச் சுற்றி, நோயாளியுடன் அனைவரையும் தாங்கினார். கில்கி அன்றே அப்பனிச்சரிவில் மறைந்தார்; எழுவரும் உயிருடன் மீண்டனர்.

ஐவரை இழுத்ததும் கயிறு, காத்ததும் கயிறு. ஒருவர் அடி பெயராது நின்றமையால் அது காப்பாயிற்று.

திருக்கோட்டியூரில் திருமந்திரப் பொருளை யாவர்க்கும் வெளியிட்ட எம்பெருமானார், தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்யட்டும் எனத் துணிந்ததாகக் குருபரம்பரை கூறும். பிறர் கதியோடு தம் கதியைப் பிணைத்த அத்துணிவுக்கு ஊன்றுகோல், அவர் பற்றிய திருமால் திருவடியே. தளர்ந்தவனை விலக்குதல் அடியார்க்கு அழகன்று. பிணைத்துக்கொள்ள முன்வருவோன் முதற்கண் தன் பற்றுக்கோட்டை உறுதி செய்துகொள்ளக் கடவன்.