சிவகோசரியார் கண்ட காட்சி

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று பண்டைப் புலவர்கள் வகுத்தனர். அவ்வெல்லைக்கு அப்பால் மும்பையிலும் தில்லியிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் இலண்டனிலும் வாழ நேர்ந்த நம்மவர், விடுமுறையில் தாயகம் திரும்பும்போது பெரும்பாலும் தவறாமல் செல்லும் இடமும் அவ்வேங்கடமே. பாட்டி, மகன், பேரக்குழந்தை என மூன்று தலைமுறையினர் திருமலையில் ஒரே வரிசையில் பல மணி நேரம் நின்று, ஒரே திருமேனியைச் சில நொடிகள் கண்டு வெளியே வருகின்றனர். மூவரும் கண்டது ஒன்றுதானா? குழந்தைக்கு மொட்டையடித்த தலையில் பட்ட குளிர்காற்றும் லட்டின் மணமும் நினைவில் நிற்கும். மகன் வீட்டுக்கடனை எண்ணி வேண்டியிருப்பான். பாட்டி என்ன வேண்டினார் என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

இறைவனைப் பற்றிய எண்ணம் வயதோடு மாறுகிறது என்பதில் ஐயமில்லை. அம்மாற்றத்தை ஓர் ஏணியாகக் கருதுவது நம் வழக்கம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவ சித்தாந்தம் நான்கு நெறிகளைக் கூறும். அவற்றை அரும்பு, மலர், காய், கனி என உவமித்த சான்றோரும் உண்டு. உவமை அழகானது. ஆனால் நாம் அதையும் ஏணியாக்கிவிட்டோம். மேற்படியில் நிற்பதாக எண்ணுகிறவர், அரும்பாய் இருந்ததுதான் கனியாயிற்று என்பதை மறந்து, கீழே இருப்பவரைக் குனிந்து நோக்கத் தொடங்கிவிடுகிறார். எனக்கு இந்த ஏணியில் நம்பிக்கை இல்லை.

வேங்கடத்தைச் சூழ்ந்த மண்ணிலேயே இதை எண்ணிப் பார்க்க இடமுண்டு. 1888ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவ்வூர் 1960இல் தமிழ்நாட்டுடன் இணையும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1896 முதல் 1900 வரை அவர் பயின்றது திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில். அண்ணாந்து பார்த்தால் ஏழுமலை. வகுப்பில் அமர்ந்தால் கிறித்தவப் போதனை. பின்னர் வேலூரிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படிப்பு தொடர்ந்தது. பாதிரிமார் இந்து சமயத்தின்மீது தொடுத்த கண்டனங்கள் தம் நம்பிக்கையைக் கலங்கச் செய்தன என்றும், அக்கலக்கமே தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என ஆராயத் தூண்டியது என்றும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். வேதாந்தத்தின் அறநெறி குறித்த அவருடைய ஆய்வுரை 1908இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. வினா எழுந்த வீட்டில்தான் விடை தேடப்படுகிறது. அயல்நாட்டுப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள், "உங்கள் சாமிக்கு ஏன் நான்கு கை?" என்ற கேள்வியோடு வீடு திரும்பும்போது அஞ்சுகிற பெற்றோர், திருப்பதியில் பயின்ற அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளலாம்.

அதே வட்டாரத்தில், பிற்காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து 2022 வரை அதிலேயே இருந்த மதனப்பள்ளியில், 1895இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909இல் அடையாற்றில் பிரம்மஞான சபையார் அந்தச் சிறுவனைக் கண்டெடுத்து, வரவிருக்கும் உலக குரு அவனிடம் வெளிப்படுவார் என்று அறிவித்து, அவனை முன்னிட்டு ஓர் அமைப்பையும் நிறுவினர். 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஹாலந்தில் அடியார்கள் கூடியிருந்த அவையில் அவரே அவ்வமைப்பைக் கலைத்தார். ஒருவரை வினா தம் மரபுக்குள் ஆழ்த்தியது. மற்றவரைத் தமக்கெனச் சமைக்கப்பட்ட பீடத்திலிருந்து இறங்கச் செய்தது. இருவரும் பேரறிஞர்கள். நம் வீட்டுக் கூடத்தில், பூசை அலமாரியின் முன் நிகழும் மாற்றத்தை அறிய அவர்கள் போதமாட்டார்கள். அதற்குத் திருப்பதியிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருக்காளத்திக்குச் செல்லவேண்டும்.

கண்ணப்பர் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. சிறு வயதில் கேட்கும்போது கண்ணைத் தோண்டி அப்பும் காட்சியே நெஞ்சை நிறைக்கிறது. இளமையில் அதே காட்சி உறுத்துகிறது. அன்பைச் சோதிக்கக் குருதி வடிக்கும் கடவுள் என்ன கடவுள் என்று வாதாடுகிறோம். வாதாட வேண்டிய வயது அது. நரை தோன்றிய பின் பெரிய புராணத்தை மீண்டும் எடுத்தால், அதுவரை நாம் பொருட்படுத்தாத ஒருவர் கண்ணில் படுகிறார். அவர்தாம் சிவகோசரியார்.

குடுமித்தேவருக்கு ஆகம முறைப்படி நாள்தோறும் பூசை புரிந்து வந்த முனிவர் அவர். ஒரு நாள் காலையில் வந்து பார்க்கிறார். சந்நிதியில் வெந்த இறைச்சியும் எலும்பும் கிடக்கின்றன. பதறுகிறார், புலம்புகிறார், துப்புரவு செய்கிறார், பொன்முகலியில் மீண்டும் மூழ்கி வந்து, பிழைக்குக் கழுவாய் தேடித் தம் பூசையை முடிக்கிறார். மறுநாளும் அவ்வாறே. அவர் நீக்கியதைத் திண்ணன் மீண்டும் நிரப்புகிறான். அவர் சூட்டிய மலரைத் திண்ணன் தன் செருப்பணிந்த காலால் தள்ளுகிறான். ஒரே கடவுளை வழிபட்ட இருவரும் ஒருவரையொருவர் காணாமலே நாட்கள் கழிகின்றன.

இங்கே சேக்கிழார் வைத்திருக்கும் ஒரு செய்தியைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். வேட்டையாட வந்த திண்ணனுக்கு வழிபாடு என்பதே தெரியாது. லிங்கத்தின் மேலிருந்த பச்சிலையையும் பூவையும் கண்டு, "இதைச் செய்தவர் யார்?" என வினவுகிறான். உடன் வந்த நாணன் விடை கூறுகிறான்: முன்பு உன் தந்தையோடு இங்கு வந்தபோது, ஓர் அந்தணர் இவரைக் குளிர்ந்த நீரால் ஆட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவூட்டிச் சில சொற்களும் சொன்னதைக் கண்டேன் என்று. திண்ணன் அறிந்த ஆகமம் அவ்வளவே. நீராட்ட வேண்டும்; கையில் வில்லும் ஊனும் இருக்க, நீரை வாயில் முகந்து வந்தான். பூச்சூட்ட வேண்டும், தலைமயிரில் செருகிக் கொணர்ந்தான். அமுது படைக்க வேண்டும். தான் அறிந்த உணவில் சுவையானதைத் தேர்ந்து, கடித்துப் பதம் பார்த்துப் படைத்தான். எந்தப் பூசையைக் கண்டு முனிவர் அருவருத்தாரோ, அது அவருடைய பூசையேதான். வேடன் கையில் அது வேறு உருவம் கொண்டிருந்தது. தம் கையெழுத்தைத் தாமே அடையாளம் காணாதவர்போல் அவர் அதைத் துடைத்து எறிந்துகொண்டிருந்தார்.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? நியூ ஜெர்சியிலோ சிட்னியிலோ ஒரு ஏழு வயதுப் பெண், குளிக்காமல், பள்ளிக் காலுறையோடு வந்து முருகன் படத்தின் முன் ஒரு சாக்லெட்டை வைத்துக் கண் மூடி நிற்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை. "எச்சில் கையால் படத்தைத் தொடாதே" என்கிறார். அவள் அதை எங்கே கற்றாள்? பாட்டி நைவேத்தியம் வைப்பதைச் சமையலறை வாயிலில் நின்று பார்த்துக் கற்றாள்.

அப்படியானால் முறையும் நியமமும் வேண்டாவோ எனச் சிலர் கேட்கலாம். நான் அவ்வாறு கூறவில்லை, கதையும் கூறவில்லை. இறைவன் முனிவரின் கனவில் தோன்றி, அவ்வேடன் வாயிலிருந்து உமிழும் நீர் தமக்குக் கங்கையினும் தூயது என்னும் பொருள்படப் பேசுகிறார். "உன் பூசையை நிறுத்து" என்று சொல்லவில்லை. திண்ணனிடம் சென்று ஆகமம் கற்கவும் பணிக்கவில்லை. மறைந்து நின்று பார் என்பதே முனிவருக்கு இட்ட கட்டளை. ஆறாம் நாள் நிகழ்ந்ததை அவர் ஒளிந்து நின்று கண்டார்.

நெடுநாள் பக்தி செய்தவருக்கு வரும் இடர் இதுவென்று எண்ணுகிறேன். தொண்டராகத் தொடங்கியவர், அறியாமலே காவலராகிவிடுகிறார். கடவுளைத் தீட்டிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் காப்பாற்றும் பொறுப்பு தம்முடையது என நம்பத் தொடங்குகிறார். பதினாறு வயதுத் திண்ணனுக்கு மாற வேண்டியது ஏதும் இல்லை. கண்ட கணத்திலேயே அவன் உருகிவிட்டான். மாற வேண்டியிருந்தவர் கற்றறிந்த முனிவரே. அவர் தம் வழிபாட்டை விடவேண்டியதில்லை. காவலை மட்டும் விட்டால் போதும். சொல்வதற்கு எளிது; அறுபது ஆண்டுப் பழக்கத்தை அவ்வளவு எளிதில் விட முடிவதில்லை.

மறுநாள் அவர் எவ்வாறு பூசை செய்தார் என்பதைச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. தெலுங்கிலும் இக்கதை வாழ்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கவிஞர் தூர்ஜடி தம் காளத்தி மகாத்மியத்தில் பாடியிருக்கிறார். வட எல்லையில் இரு மொழியாரும் பங்கிட்டுக்கொள்ளாமலே பொதுவில் வைத்திருக்கும் சொத்து இது.

அடுத்த முறை திருப்பதிக்கு வரும் அன்பர்களில் பலர் காளத்திக்கும் வருவீர்கள். இராகு கேது பூசை முடிந்ததும் வாடகைக் காரில் ஏறிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். கோயிலை ஒட்டிய குன்றின்மேல் கண்ணப்பர் சந்நிதி இருக்கிறது. முழங்கால் இடங்கொடுத்தால் பேரப்பிள்ளைகளோடு ஏறிப் பாருங்கள். கீழே பொன்முகலி தெரியும். கோடையில் பெரும்பாலும் மணல்தான். அங்கே அமர்ந்து கதையைச் சொல்லி, யாரைப் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களும் உங்களைக் கேட்பார்கள்.