சொல்லாமல் விட்டது பொய்யாகுமா?

சோபா திண்டுகளின் பருத்தி உறையைச் சுடுநீரில் துவைத்தால் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வியாபாரிகளாகிய நாம் இதனை அறிவோம். ஆயினும், விற்பனை கெடுமென்று வாய் திறப்பதில்லை.

பெருநாளுக்கு நம்மிடம் உறை வாங்கிய அம்மையார் ஒருவர், சுருங்கிப்போன உறையோடு வந்தார். “தப்பு என்னுடையதுதான் பாய், சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன்” என்று கூறி, விலைக்கு வேறு உறை கேட்டார். நாம் பொய்யுரைக்கவில்லை, ஆனால் நமது குற்றத்தை அவர் சுமந்து நின்றார். விலை வாங்க நமக்குக் கை வரவில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரங்கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் காண அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள். அந்த வியாபாரியும் வாயால் பொய் சொன்னவரல்லர்!

ஆகவே சகோதரர்களே, வாங்குபவர் கேளாவிடினும் சரக்கின் குறையைச் சொல்வோம். ஒரு விற்பனை போகலாம், பரக்கத் போகாது.