கடல்நாள்: தங்கலா, பயணமா?

சொகுசுக் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் நாளுக்குக் கடல்நாள் என்று பெயர். அன்று இறங்கிப் பார்க்க ஊர் இல்லை. நீச்சல்குளம், நூலகம், சீட்டாட்டம், சொற்பொழிவு, மாலைக் கச்சேரி, நாள் முழுக்க ஓயாத சாப்பாடு என்று பொழுதை ஓட்ட ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் நாளைத் தொழுகையாலோ நோன்பாலோ ஓய்வுநாளாலோ அளந்து பழகிய பயணி, இவற்றில் எதைத் தேர்வது என்பதற்கு முன்பே வேறொன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் இப்போது ஓரிடத்தில் தங்கியிருக்கிறாரா, போய்க்கொண்டிருக்கிறாரா? பல மதங்கள் ஊரில் இருப்பவருக்கு ஒரு விதியும் வழியில் இருப்பவருக்கு ஒரு விதியும் வைத்திருக்கின்றன. கப்பலில் இருப்பவருக்குக் கட்டிலும் உண்டு, வழியும் உண்டு.

இடம் என்றால் என்ன என்று ‘இயற்பியல்’ நூலின் நான்காம் புத்தகத்தில் விசாரிக்கும் அரிஸ்டாட்டிலும் இந்தச் சிக்கலைச் சந்தித்தார். ஒரு பொருளைச் சூழ்ந்து தொட்டு நிற்கும் எல்லையே அதன் இடம் என்பது அவர் கொள்கை. அப்படியானால் ஆற்றில் மிதக்கும் படகின் இடம் எது? அதைத் தொடும் நீர் கணத்துக்குக் கணம் மாறுகிறதே? அதனால் அந்த எல்லை அசையாததாகவும் இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையைச் சேர்த்தார். படகுக்கு முழு ஆறும்தான் இடம். முழுமையாக எடுத்துக்கொண்டால் ஆறு எங்கும் போவதில்லை. எடுத்துச் செல்லக்கூடியது பாத்திரம், எடுத்துச் செல்ல முடியாதது இடம் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். அந்தக் கணக்கில் கப்பல் பாத்திர வகையைச் சேரும். சமயச் சட்டம் வகுத்தவர்கள் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி முடிவு செய்தவர்கள் அல்லர். ஆனாலும் கப்பல் இடமா, பாத்திரமா என்ற கோட்டின் இருபுறமும் அவர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

யூதச் சட்டத்தில் இது மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. வெள்ளி சூரிய மறைவு முதல் சனி இரவு வரை நீளும் சபாத் ஓய்வுநாளில், ஒருவர் தாம் தங்கிய இடத்தின் எல்லைக்கு அப்பால் ஈராயிரம் முழத்துக்குமேல், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குமேல், போகக் கூடாது. தம் விருப்பமின்றி அந்த எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டவர் நான்கு முழ வட்டத்துக்குள் நின்றுவிட வேண்டும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவின் ‘எருவின்’ பகுதி இதையொட்டி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ரப்பான் கமலியேல், எலெயாசர் பென் அசரியா, யோசுவா, அகிவா ஆகிய நான்கு அறிஞர்கள் இத்தாலியின் பிரிண்டிசித் துறையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். சபாத் அன்று கப்பல் நடுக்கடலுக்குள் போய்விட்டது. முதல் இருவரும் கப்பல் முழுவதும் நடந்தார்கள். மற்ற இருவரும் தங்கள் நான்கு முழத்தைவிட்டு அசையவில்லை.

முதல் இருவரின் பார்வையில் கப்பலின் பக்கச்சுவர்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சமம். சபாத் தொடங்கியபோது அவற்றுக்குள் இருந்தவருக்கு அந்த அடைப்பு முழுவதும் ஒரே தங்குமிடம். வெளியே கடல் எவ்வளவு நகர்ந்தாலும் உள்ளே நடப்பவர் வீட்டுக்குள் நடப்பவரே. யோசுவாவும் அகிவாவும் இதை மறுத்ததாக மிஷ்னா சொல்லவில்லை. தங்கள் அளவில் கடுமையாக இருக்க விரும்பினார்கள் என்று மட்டும் சொல்கிறது. ஒரே மேல்தளத்தில் இருவர் உலாவவும் இருவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கவும், நால்வரும் ஒரே சட்டத்தைக் காத்ததாகக் கொள்ளும் இந்தக் காட்சி, பிற்கால விரிவுரைகள் பலவற்றைவிடத் தெளிவானது.

இதே மரபில் இன்னொரு விதி உண்டு. சபாத்துக்கு மூன்று நாளுக்குள்ளாகக் கப்பல் ஏறக் கூடாது. சமயக் கடமைக்காகப் போகிறவருக்கு மட்டும் விலக்கு. 11ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் ஐசக் அல்ஃபாசி இதற்குச் சொன்ன காரணம் உடல் சார்ந்தது. முதல் மூன்று நாள் கப்பல் ஆட்டத்தில் தலை சுற்றும், வயிறு புரட்டும். சபாத்தை மகிழ்ச்சியாகக் கொண்டாட வேண்டும் என்ற கடமை அதனால் கெடும். ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகள் பொருத்திய இன்றைய பெருங்கப்பலில் இந்தக் காரணம் வலுவிழக்கிறது என்பது வெளிப்படை. ஆனால் சபாத்தில் மின்கருவியை இயக்காதவருக்கு இன்றைய கப்பல் வேறு தொல்லைகளைக் கொண்டுவந்திருக்கிறது. அறைக்கதவு மின்னட்டையால் திறக்கிறது. தானியங்கிக் கதவும் மின்தூக்கியும் எதிர்ப்படுகின்றன. தீ விபத்துக்கு அஞ்சி அறையில் மெழுகுவத்தி ஏற்ற விடுவதில்லை. அதனால் பலர் வெள்ளி மாலை மின்விளக்கை ஏற்றி அதையே சபாத் விளக்காகக் கொள்கிறார்கள். கதவைத் திறந்துவிடக் கப்பல் பணியாளரை நம்பியிருக்கிறார்கள்.

இஸ்லாமியச் சட்டம் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே கப்பல் பெரும்பாலும் வழிதான். குறிப்பிட்ட தூரத்துக்குமேல் பயணம் புறப்பட்டவர் முஸாபிர். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது பலர் கொள்ளும் அளவு. லுஹர், அஸர், இஷா ஆகிய நண்பகல், பிற்பகல், இரவுத் தொழுகைகளின் நான்கு ரக்அத்தை (தொழுகைச் சுற்றை) அவர் இரண்டாகச் சுருக்கித் தொழலாம். தமிழகக் கடற்கரையின் மரக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பள்ளியில், லுஹரையும் அஸரையும் சேர்த்தும், மாலைத் தொழுகையான மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் சுருக்குவதே கட்டாயம். சேர்த்துத் தொழுவதற்கு ஹஜ்ஜின் இரண்டு தருணங்களைத் தவிர இடமில்லை. ரமலானில் நோன்பைத் தள்ளிவைத்துப் பிறகு களா செய்யலாம், அதாவது ஈடாக நோற்கலாம். வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ பயணிக்குக் கடமை இல்லை.

நடுக்கடலில் பதினைந்து நாள் தங்குவதாக ஒருவர் நிய்யத் (உறுதியான எண்ணம்) வைத்தாலும் அவர் உள்ளூர்வாசி ஆகமாட்டார் என்பது ஹனஃபி சட்டம். மனிதர் குடியிருக்கத் தக்க நிலத்தில் வைக்கும் நிய்யத்துக்குத்தான் அங்கே மதிப்பு. கடலும் பாலைவனமும் அதில் சேரா. அப்படியிருந்தும் ஹன்பலி மத்ஹப் ஒரு விலக்கைத் தருகிறது. மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழும் மாலுமி தொழுகையைச் சுருக்கக் கூடாது; அவருக்கு அதுவே வீடு. பயணியாக ஏறியவருக்கு வழியாக இருக்கும் அதே பலகை, அங்கேயே குடும்பம் நடத்துபவருக்கு வீடாகிறது.

மெத்தையும் குளிரூட்டிய அறையும் உள்ள சொகுசுக் கப்பலில் எந்தச் சிரமத்துக்காக இந்தச் சலுகை என்று கேட்கத் தோன்றும். சட்ட அறிஞர்கள் இதற்கு முன்பே விடை வைத்திருக்கிறார்கள். சலுகைக்குக் காரணம் பயணம். சிரமம் அந்தச் சலுகையின் நோக்கத்தை விளக்குகிறதே தவிர அதற்கு அளவுகோல் ஆகாது. சிரமத்தை அளக்கத் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம் தேவைப்படும். பயணம் என்பது வெளியே தெரிவது, அளக்கக் கூடியது. சொகுசாகப் போகிறவரும் முஸாபிர்தான். இந்த வாதத்தை மறுப்பது கடினம்; ஆனால் பத்து நாள் ஒரே படுக்கையில் படுத்து, ஒரே மேசையில் சாப்பிடும் ஒருவரைப் பார்க்கையில் ஹன்பலி மாலுமியின் நினைவு வராமலும் போகாது.

தொழும் முறையிலும் ஆட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித் தொடங்கிய பிறகு கப்பல் திரும்பினால், தொழுபவரும் தொழுகைக்குள்ளேயே திரும்பிக்கொள்வார். ஓடும் கப்பலில் உட்கார்ந்து தொழலாம் என்றார் அபூ ஹனீஃபா. தலைசுற்றல் போன்ற காரணம் இருந்தால்தான் அது கூடும் என்று அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் மறுத்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் ஹஜ் போவது 1995இல் நின்றது. அதுவரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் போன கப்பல்களில், செங்கடலில் யலம்லம் எல்லைக்கு நேராக வரும் முன்பே ஹாஜிகள் குளித்துத் தைக்காத இரண்டு துணிகளை உடுத்தி இஹ்ராம் என்ற ஹஜ் புனிதநிலைக்குத் தயாராவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கடலில் கடப்பதே அந்தப் பயணத்தின் முதல் சடங்கு.

பௌத்த பிக்குகளுக்கு மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவது கட்டாயம். முளைத்த பயிரையும் சிற்றுயிரையும் மிதித்துக்கொண்டு மழையில் சுற்றுகிறார்கள் என்று மக்கள் குறைசொன்னதால் அந்த விதி வந்ததாகத் துறவு விதிநூலான விநயபிடகம் கூறுகிறது. அதில் எங்கெல்லாம் தங்கலாம், எங்கெல்லாம் கூடாது என்ற வரிசை சுவையானது. மரப்பொந்தில், மரக்கவட்டில், திறந்தவெளியில், குடைக்கடியில், பெரிய சாடிக்குள் தங்கக் கூடாது. மாடு மேய்ப்போர் முகாமில், வணிகச் சாத்தில், படகில் தங்கலாம். இவை மூன்றும் நகர்பவை. ஆனால் மனிதர்கள் கூட்டாக வாழ்பவை. முகாம் இடம் மாறினால் பிக்குவும் கூடவே போகலாம். தங்குதல் என்பது நிலத்தோடு ஒட்டியிருப்பதைவிடச் சேர்ந்து வாழ்பவர்களோடு ஒட்டியிருப்பது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. கமலியேல் சுவர்களை நம்பினார். விநயம் கூட்டத்தை நம்புகிறது.

அந்தக் கூட்டமே ஆபத்து என்று பார்த்தது தர்மசாத்திர மரபின் ஒரு கிளை. பௌதாயன தர்மசூத்திரம் சாதி நிலையிலிருந்து வீழ்த்தும் குற்றங்களின் பட்டியலைக் கடற்பயணத்தில் தொடங்கி, மூன்றாண்டுப் பிராயச்சித்தம் விதிக்கிறது. அதே நூல் இன்னோரிடத்தில் கடற்பயணத்தை வடக்கத்தியரின் வழக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுவதால், தடை இருந்த காலத்திலேயே போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்று தெரிகிறது. 1888இல் காந்தி லண்டன் புறப்பட்டபோது பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதிச் சபை சொன்ன காரணமும் கடலைவிடக் கூட்டத்தைப் பற்றியதுதான்: அங்கே போனால் ஐரோப்பியரோடு உண்ணவும் குடிக்கவும் நேரும், மதம் நிலைக்காது. மறுத்துப் பேசிய அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். வழியனுப்பப் போகிறவருக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் அறிவித்தார்கள். கப்பலில் அவர் சாப்பாட்டு மேசைக்குப் போகாமல், கையோடு கொண்டுவந்த பழங்களையும் இனிப்பையும் அறையிலேயே தின்று நாளைக் கழித்தார். அதற்குக் காரணம் சபை அஞ்சிய தீட்டல்ல. முள்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சமும், எந்தப் பண்டத்தில் இறைச்சி இருக்கும் என்று கேட்கத் துணிவின்மையும்தான்.

இன்றைய உல்லாசக் கப்பற்பயணத்தின் முன்னோடிகளில் ஒன்று சமயப் பயணமாகவே புறப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித நாட்டுக்கும் ஏறத்தாழ ஐந்து மாத உலாப் போனது. அதில் சென்ற மார்க் ட்வைன் 1869இல் வெளியிட்ட ‘தி இன்னசன்ட்ஸ் அப்ராட்’ கடல்நாட்களை நெருக்கமாகக் காட்டுகிறது. பகலில் டாமினோவும் மேல்தளத்தில் கோலால் வட்டுத் தள்ளும் ஆட்டமும், இரவு உணவுக்குப் பின் தவறாமல் பிரார்த்தனைக் கூட்டமும் நடந்தன; முதல் வாரத்தில் எல்லோரும் ஆர்வமாக நாட்குறிப்பு எழுதிப் பிறகு கைவிட்டார்கள். அட்லாண்டிக்கில் ஞாயிறு வந்தபோதும் கப்பல் நிற்கவில்லை. அதே பக்தர்கள் சிரியாவில் குதிரையேறியபோது ஞாயிறன்று பயணம் செய்ய மாட்டோம் என்றார்கள். டமாஸ்கஸுக்கு மூன்று நாளில் போக வேண்டிய தூரத்தை, ஓய்வுநாளைக் காப்பதற்காகக் களைத்த குதிரைகளை விரட்டி இரண்டே நாளில் முடித்தார்கள். ட்வைன் அவர்களைக் கடிந்து எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கப்பலை வீடாகவும் குதிரையை வழியாகவும் அவர்கள் எண்ணியிருந்தார்கள் என்று கொண்டால், நடத்தையில் முரண் குறைகிறது. குதிரைகள் பட்ட பாடு குறையவில்லை.

இடத்தின் கேள்வியைத் தீர்த்த பின்பும் நாளின் கேள்வி மிஞ்சுகிறது. மகெல்லன் தொடங்கிய உலகச் சுற்றில் எஞ்சிய விக்டோரியா கப்பல் 1522 ஜூலையில் வெர்டே முனைத் தீவுகளை அடைந்தபோது, கப்பல் கணக்கில் அன்று புதன், கரையில் வியாழன். உடன்வந்த பிகஃபெட்டா ஒரு நாளும் விடாமல் குறிப்பெழுதியவர். தவறு எதுவும் நேரவில்லை. சூரியன் போன திசையிலேயே உலகைச் சுற்றியதால் அவர்கள் கணக்கில் ஒரு நாள் குறைந்திருந்தது. அவர்கள் வெள்ளி என்று எண்ணி விரதம் காத்த நாள் ஐரோப்பிய எண்ணிக்கையில் சனி.

இன்றைய பசிபிக் பயணி இதை ஒரே இரவில் காண்கிறார். அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் போகையில் தேதிக்கோட்டில் ஒரு தேதி காணாமற்போகிறது. திரும்பி வருகையில் ஒரே தேதி இருமுறை வருகிறது. போன தேதி வெள்ளியாகவோ ஞாயிறாகவோ இருக்கலாம். ஐவேளைத் தொழுகைக்கு இதனால் குழப்பமில்லை. அது சூரியனைப் பார்த்து நடப்பது, தேதி மறைந்தாலும் சூரியன் உதிக்கத் தவறுவதில்லை. ஏகாதசியும் ஓரளவு அப்படித்தான். திதி உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுவது. விரத நாளோ அந்தந்த இடத்துச் சூரிய உதயத்தை வைத்து அமைவது. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பசிபிக்கில் விரித்தால் ஒரு நாள் பிசகக் கூடும். கிழமைதான் சிக்கல். வானத்தில் கிழமைக்கு அடையாளம் ஏதும் இல்லை. மனிதர்கள் விடாமல் எண்ணி வருவதால் மட்டுமே அது நிலைக்கிறது.

1941இல் நாஜிகளிடமிருந்து தப்பி, லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா தந்த விசாவோடு ஜப்பான் சேர்ந்த யூத மாணவர்களுக்கு இது உண்ணாநோன்புச் சிக்கலாக வந்தது. யோம் கிப்பூர் நோன்பு எந்த நாளில்? ஜெருசலேமில் கூடிய ரப்பிகள் உள்ளூர்க் கணக்கின்படி புதன் என்றார்கள். ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட அறிஞர் தேதிக்கோடு ஜப்பானுக்கு மேற்கே விழுகிறது என்று கொண்டு, புதன் சாப்பிட்டு வியாழன் நோன்பிருக்கச் சொன்னார். ரப்பி துகாசின்ஸ்கி அந்தக் கோட்டை ஜெருசலேமுக்கு நேர் மறுபுறத்தில், ஹவாய்க்கும் கிழக்கே வைத்தார். அதன்படி ஹவாயின் வெள்ளிதான் சபாத். போய்ச் சேரும் ஊரின் யூதர்கள் கடைப்பிடிக்கும் நாளையே ஏற்பதும் ஒரு வழக்கம். கரையில் அது எளிது. ஹவாயை விட்டு மேற்கே போகும் கப்பலில் ஏறிய யூதப் பயணி, எந்த ரப்பியின் கோட்டை ஏற்பது என்று புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் அறிவிக்கும் தேதி கடிகாரத்தைத் திருத்த மட்டுமே அவருக்கு உதவும்.