நாணமும் ஒரு பஞ்சுக் குச்சியும்

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில், சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகத் தயங்கும் பெண்ணுக்குக் கிடைப்பது "வெட்கத்தை விடு" என்ற அறிவுரைதான். 1996இல் தொடங்கிய இக்கிளினிக்குகளில் 35 வயதினருக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். அந்நியர் முன் படுக்க வேண்டியதுதான் தடை. நாணம் குறையா, அறமா? அறம் என்பதே என் கட்சி. கோயிலுக்குப் போகிறவளுக்கும் பள்ளிவாசல் வீட்டுப் பெண்ணுக்கும் உடலை மறைப்பது அதை மதிக்கும் வழி. மதிப்பதைக் காக்காமல் விடுவதுதான் பிழை. மருத்துவத் தேவைக்கு இஸ்லாமியச் சட்டமே விலக்களிக்கிறது.

பெண் தானே மாதிரி எடுக்கும் சுயமாதிரி முறை நாணத்தையும் சோதனையையும் சேர்க்கிறது. பஞ்சுக் குச்சியை உள்ளே செலுத்தி, சில முறை சுழற்றி, குழாயிலிட்டு மூடினால் முடிந்தது. (பலர் நெருங்கி வாழும் லயக் காம்பராவில் அந்தத் தனிமை கிடைப்பதே பாடு.) தானே எடுத்தது சரியாக வருமா என்பார்கள், இப்புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைப் பிசிஆர் முறையில் சோதித்தால் மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய நிகர். வைரஸ் தெரிந்தால் எப்படியும் கிளினிக் போகத்தானே வேண்டும் என்பது கனமான வாதம். ஆனால் பெரும்பாலோரிடம் வைரஸ் இருக்காது. இருக்கும் சிலர் காரணத்தோடு போவார்கள். மிஞ்சுவது ஒழுக்கச் சந்தேகம். உடலுறவால் தொற்றும் இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருக்கும். அதை வைத்து மனைவியையோ கணவனையோ விசாரிக்க முடியாது.